என் கணுக்காலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

திருச்சி மலைக்கோட்டையில் அன்று என்னைத் தூக்கிவிட்டவர்கள் யாருடைய பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. வலியில் எதுவும் தோன்றவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சொன்னால் சந்தோஷம்.

உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது படியில் யாரோ சிந்திய தண்ணீர், வலது கால் உள்பக்கமாக மடங்கி, ‘டப்’பென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் தோள் கொடுத்து அடிவாரம் வரை இறக்கிவிட்ட தம்பிகளே, உங்களில் ஒருவர் என்னிடம் டோக்கனை வாங்கிப் போனதுகூட எனக்கு நினைவில்லை, ஆட்டோவில் ஏறிய பிறகுதான் செருப்பு என் மடியில் இருப்பதைப் பார்த்தேன்.

பூ விற்கும் அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. கூட்டத்தில் ஒருவர் “சுளுக்குதான், ஒரு இழு இழுத்தா சரியாயிடும்” என்று காலைப் பிடித்தார். “கையை எடுய்யா, எலும்பா என்னன்னு தெரியாம இழுக்காத” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அவர் எழுந்தே போய்விட்டார். அப்புறம் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி உங்கள் துண்டில் சுற்றிக் கட்டிவிட்டீர்கள். அந்தச் சத்தத்தின் அருமை எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் இதே கால் இதே மாதிரி மடங்கியபோது, அன்றைக்கே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து இழுத்துவிட்டார்கள், மறுநாள் காலையில் கால் பூசணிக்காய் மாதிரி நின்றது.

அரசு மருத்துவமனையில் இரவு டூட்டியில் இருந்த டாக்டர் ஐயா, அவ்வளவு கூட்டத்திலும் கணுக்கால் எலும்பின் பின்ஓரத்தை இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்து, “நாலு அடி நடங்கம்மா பார்க்கலாம்” என்றார். இரண்டு அடிக்கு மேல் முடியவில்லை, அதனால் எக்ஸ்ரே. நாலு அடி நடக்க முடிந்து, அழுத்தினால் எலும்பில் வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படாதாம், 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த முறை இது. நல்லவேளை எலும்பு தப்பியது, வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருந்தது.

வீட்டில் என் மாமியார். எனக்கும் அவருக்கும் எப்போதும் ஒத்துப்போகாது, ஊருக்கே தெரியும். ஆனால் அந்த இரண்டு வாரமும் நான் படுத்தால் காலுக்கடியில் மூன்று தலையணை வைத்துவிடுவார். ஒரு நாள் கிரேப் பேண்டேஜை நானே இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டேன், விரல்கள் நீலமாகிக் கிடந்ததைப் பார்த்து அவிழ்த்துவிட்டதும் அவர்தான். அத்தை, நேரில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, இப்போது பிசியோ மேடம். வலி மூன்றாவது வாரத்திலேயே போய்விட்டது, நானும் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன், நீங்கள்தான் போன் செய்து திட்டினீர்கள். வலி போவது வேறு, கால் சரியாவது வேறு என்று அன்றுதான் விளங்கியது. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த ஜவ்வுக்குள்ளேயே இருக்கின்றன, ஜவ்வு கிழிந்தால் அந்தத் தகவலும் தடுமாறுகிறது, கால் மடங்கிய பிறகுதான் நமக்கே தெரிகிறது. போன முறை வலி போனதோடு விட்டதால்தான் இந்த முறையும் அதே கால்! கால் கட்டை விரலால் காற்றில் அ, ஆ, இ எழுதச் சொன்னீர்கள். ‘ஞ’ எழுதும்போது நிஜமாகவே கண்ணீர் வந்தது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கு, கைத்தடியை அடிபடாத காலின் பக்கத்துக் கையில் பிடி, படி ஏற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில். மூன்று மாதம் என்னை விடவே இல்லை நீங்கள்.

கூட வேலை செய்யும் தங்கைகளுக்கும் சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே பிழைக்கிறவர்கள் நாங்கள். கடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கு ஸ்டூல் வந்தது என் கால் மடங்கிய பிறகு, நீங்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டதால். இப்போது அதில் நீங்களும் மாறி மாறி உட்காருகிறீர்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு நிம்மதி.

பூக்கார அக்கா, உங்கள் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீலக் கட்டம் போட்டது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன், நீங்கள் உட்காரும் இடத்தில் வேறொருவர் இருந்தார். வரும் வெள்ளியும் வருவேன், மாணிக்க விநாயகர் சந்நிதிப் பக்கம் நிற்பேன். துண்டைக் கையிலேயே வைத்திருக்கிறேன், பார்த்தால் கூப்பிடுங்கள்.