டேங்க் உயரத்தைக் கேட்டுவிட்டு ஏன் இந்த டைமரை அனுப்பினீர்கள்?

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மாடித்தோட்டச் சொட்டுநீர் கிட்டுடன் வந்த டைமரை மாற்றித் தருவது, இல்லையேல் பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக

வணக்கம்.

கடந்த ஏப்ரலில் உங்கள் இணையதளத்தில் முப்பது தொட்டிகளுக்கான சொட்டுநீர் கிட்டும், குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூட பேட்டரியில் ஓடும் டைமரும் சேர்த்து 4,850 ரூபாய்க்கு வாங்கினேன். பில், ஆர்டர் விவரம், சாட்டில் நடந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் கொடுத்த புகாரை "தீர்க்கப்பட்டது" என்று குறித்து மூடியிருக்கிறீர்கள். எதுவும் தீரவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

வாங்கும் முன் நான் கேட்டது ஒரே கேள்வி. தோட்டத்துக்கென்று எங்களிடம் தனி பம்ப் கிடையாது, மொட்டைமாடியில் உள்ள 1,000 லிட்டர் டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் இது வேலை செய்யுமா? உங்கள் ஊழியர் டேங்கின் போட்டோ கேட்டார், அனுப்பினேன். டேங்கின் அடிப்பாகம் தோட்டக் குழாயிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டார், நான்கு அடி என்றேன். "தாராளமா வேலை செய்யும் மேடம், எல்லா ஓவர்ஹெட் டேங்குக்கும் செட் ஆகும்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்து சேர்ந்தது சோலினாய்டு வால்வு டைமர், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் வகை. கையேட்டில், பேட்டரி மாற்றுவது எப்படி என்பதற்கெல்லாம் அப்புறம், பொடி எழுத்தில் "குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார்" என்று இருக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் இந்த வரி எங்கும் இல்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் 0.5 பாருக்கு ஐந்து மீட்டர், அதாவது பதினாறு அடிக்கு மேல் வேண்டும். எங்கள் டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தாலும் தண்ணீர் மட்டம் குழாயிலிருந்து எட்டு அடிதான். கால் பார்கூடத் தேறாது. பாதி டேங்க் என்றால் இன்னும் மோசம். உங்கள் டைமருக்காக நான் வீட்டின்மேல் இன்னொரு மாடி கட்டி, டேங்கை அதற்கும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். நான்கு அடி என்று சொன்ன நிமிடமே உங்கள் ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரைக் கேள்வி கேட்க ஏன் வைத்தீர்கள் என்றும் புரியவில்லை.

இந்த வகை வால்வில் பேட்டரி செய்வது ஒரு சின்னத் துளையைத் திறந்து மூடுவதை மட்டும்தான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தூக்குவதும் அழுத்தி மூடுவதும் தண்ணீரின் அழுத்தமே. அழுத்தம் போதாவிட்டால் சவ்வு சரியாகத் திறக்காது, சரியாக மூடவும் மூடாது. எனக்கு இரண்டுமே நடந்தது. கத்திரி வெயிலில் டேங்க் பாதியாக இருந்த நாட்களில் தண்ணீர் பேருக்குத்தான் வந்தது. குழாயை ஒட்டிய வெண்டைக்குக் கிடைத்தது, கடைசி வரிசையில் இருந்த தக்காளியும் பாகலும் காய்ந்துபோயின. அதைவிட மோசம், நாங்கள் ஊரில் இல்லாத ஓர் இரவில் வால்வு மூடவே இல்லை. டேங்க் இறங்க இறங்க, லெவல் கன்ட்ரோலர் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. போர் தண்ணீர் இரவெல்லாம் குரோபேக் வழியாக ஓடி, போட்டிருந்த உரத்தையும் கழுவிக்கொண்டு மாடி வடிகாலில் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர் விடியற்காலையில் போன் செய்து சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இதற்கு உங்கள் பதில், "அழுத்தக் குறைவால் ஏற்பட்டது, தயாரிப்பில் குறை இல்லை". டைமரில் கோளாறு என்று நானும் சொல்லவில்லையே. இந்த இடத்துக்கு ஆகாத பொருளை, ஆகும் என்று எழுத்தில் சொல்லி விற்றீர்கள் என்பதுதான் என் புகார். பிரஷர் பம்ப் வாங்கிப் போடச் சொன்ன யோசனைக்கு நன்றி. அதன் விலை டைமரின் விலையைத் தாண்டுகிறது என்பது ஒருபுறம். கரண்ட் இல்லாதபோதும் செடிக்குத் தண்ணீர் போக வேண்டும் என்றுதானே பேட்டரி டைமர் வாங்கினேன்?

இத்தனைக்கும் இதற்குச் சரியான பொருள் சந்தையில் இருக்கிறது. பால் வால்வு டைமரில் ஒரு குட்டி மோட்டார் வால்வையே திருப்பித் திறந்து மூடும், தண்ணீரின் அழுத்தத்தை அது எதிர்பார்ப்பதில்லை. உங்கள் தளத்திலேயே விற்கிறீர்கள். கிட்டில் வந்த டிரிப்பர்களும், அதாவது தொட்டியில் தண்ணீரைச் சொட்டவிடும் முனைகளும், அழுத்தத்தைச் சமன்செய்யும் வகை. ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் அவை எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு விடும். டேங்க் தண்ணீருக்கு, திருகி அளவு வைக்கும் சாதாரண டிரிப்பரே போதும். அப்புறம், "ஃபில்டர் உட்பட" என்று போட்டிருந்தீர்கள். வந்தது டைமரின் வாயில் ஒரு கம்பிவலை வாஷர். டிரிப்பர் அடைக்காமலிருக்க 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை) ஃபில்டராவது வேண்டும்.

ஏழு நாள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், 2020-ன்படி, விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. உங்கள் ஊழியர் சாட்டில் ஒப்புக்கொண்ட தன்மை என்ன என்பது இணைப்பில் இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் உள்ளது.

டைமரை எடுத்துக்கொண்டு பால் வால்வு வகையைத் தாருங்கள். டிரிப்பர்களை மாற்றி, சொன்னபடி ஃபில்டரையும் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுக் கிட்டையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுங்கள். காய்ந்த செடிக்கோ ஓடிய மோட்டாரின் கரண்ட் செலவுக்கோ நான் இப்போது எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், அப்போது அந்த நஷ்டங்களும் மனுவில் இருக்கும். விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்ச அழுத்தத்தைப் போடுங்கள் என்பது தனிக் கோரிக்கை. டேங்க் தண்ணீரை நம்பித் தோட்டம் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

டைமரைக் கையேட்டுடன் அதன் பெட்டியிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தாம்பரம்