லயத்து வாசலில் ஒரு மழைப் போத்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெல்லம்பிட்டியில் வாடகை அறையில் இருந்துகொண்டு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். ஊர் பதுளை மாவட்டம், கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மாவும் தம்பி குடும்பமும் இன்னும் அங்கே லயத்தில்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் எனக்கு இரண்டு பக்கமும் பயம். இங்கே களனி கங்கை, அங்கே மலை.

இங்கே இருக்கிற பயத்துக்கு ஓர் அளவாவது உண்டு. நாகலகம் வீதியில் களனியின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெரு வெள்ளம். மலையில் பெய்த மழை கொழும்புக்கு இறங்கி வர நேரம் எடுக்கும். ஹங்வெல்லையில் ஆறு ஏறுகிறது என்ற செய்தி வந்ததுமே எங்கள் ஒழுங்கையில் சாமான் தூக்கத் தொடங்கிவிடுவார்கள். 2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்கார அக்கா அரிசி மூட்டையைக்கூட முதலில் தொடவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், பிள்ளையின் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்கி ஒட்டினார். அப்புறம்தான் காஸ் சிலிண்டரைக் கழற்றினார். தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்து வீட்டார் புதிய பத்திரம் எடுக்க நாள் கணக்காக வரிசையில் நின்றபோது, அக்கா அந்தப் பையை வெட்டித் திறந்து காய்ந்த கடதாசிகளை எடுத்துக்கொண்டு நேரே நிவாரணப் பதிவுக்குப் போனார்.

எங்கள் அம்மாவின் பத்திரங்கள் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. பிரஜாவுரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்த எங்கள் சனத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் அவை அப்படித்தான் கிடந்தன.

ஆறு தருகிற அவகாசத்தை மலை தராது. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். எங்கள் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை நேரத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது நான் கொழும்பில் இருந்து, சிங்களத்தில் வந்த அறிவித்தல்களை வாசித்து, தமிழில் பேசிப் பேசித் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். தமிழ் அறிவித்தல் பிந்தித்தான் வந்தது. பிறகு ஊரில் கரண்ட் போனது, போன் கோபுரமும் செயலிழந்தது. இரண்டு நாள் அம்மாவின் குரல் கேட்கவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்த அந்த மழையில் எங்கள் லயம் தப்பியது. கொழும்பிலிருந்து போன் போட்டுக் காப்பாற்றலாம் என்ற என் நினைப்பு அந்த இரண்டு நாளில் போய்விட்டது. அளவு அங்கேயே, லயத்து வாசலிலேயே இருக்க வேண்டும்.

அது கடினமான காரியமும் அல்ல. மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் புறப்படத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும். 150 மில்லிமீற்றர் என்பது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சின்ன அடிமட்டத்தின் முழு நீளம். நான் ஊருக்குப் போயிருந்தபோது தம்பியும் நானும் ஒரு பெரிய சோடாப் போத்தலை, மேலே குறுகத் தொடங்குகிற இடத்தில் வெட்டினோம். அடியில் சிறு கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் அடிமட்டத்தின் பூச்சியம் வரும்படி ஒட்டினோம். கூரைப் பீலித் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெளியில், காற்றுக்குச் சாயாமல் நட்டுவைத்தோம். தினமும் காலை 6 மணிக்குத் தம்பி மகள் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, மேலதிகத் தண்ணீரைப் பூச்சியம்வரை கொட்டிவிடுகிறாள். அடைமழை இரவில் தம்பி டோர்ச் அடித்துப் பார்க்கிறான்.

ஆனால் போத்தல் நிறையும்வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென்று சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இதுவரை திறந்த கதவு இறுகிப்போவது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது, இதில் ஒன்றைக் கண்டாலும் அளவு பார்க்காமல் கிளம்ப வேண்டும். எங்கே போவது என்பதை வெயில் நாளிலேயே கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வைக்க வேண்டும். போய்த் தங்கச் சொல்கிற பள்ளிக்கூடமே சரிவுக்குக் கீழே இருந்தால் அங்கே போய் என்ன பயன்? எங்கள் லயத்தில் 12 காம்பராக்களில் (அறைகளில்) இருக்கிறவர்களும் பேசி, அகால நேரத்தில் மாரியம்மன் கோயில் மணி விடாமல் அடித்தால் எல்லோரும் வெளியே வருவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நடக்கமுடியாத ஒரு பாட்டியைத் தூக்கிவர இரண்டு பையன்களின் பெயரும் சொல்லி வைத்தாயிற்று. அம்மாவின் பத்திரங்கள் இப்போது பொலித்தீன் பையில், கதவருகே ஆணியில் தொங்குகின்றன.

போத்தல் வைத்துவிட்டதால் அரசாங்கத்தின் கடமை முடிந்ததென்று யாரும் நினைக்கக் கூடாது. ஆபத்தில்லாத நிலத்தில் சொந்தக் காணியும் தனி வீடும் எங்கள் உரிமை. அது கிடைக்கும்வரை எத்தனை மழைக்காலம் இந்த லயங்களில் கழியும் என்பதுதான் என் கவலை.

கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற மலையகத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது உடுப்போடு ஒரு சின்ன அடிமட்டமும் நாலு தடித்த பொலித்தீன் பைகளும் கொண்டுபோங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, 75, 100, 150 என்ற இந்த மூன்று அளவையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் முதல் பக்க மூலையில் தினமும் தமிழில் போடுங்கள். எங்கள் லயத்தில் பத்திரிகை ஒன்றுதான் வருகிறது, அதைச் சுவரில் ஒட்டிவைக்க ஆளிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெல்லம்பிட்டி, கொழும்பு