நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை நம் பள்ளி மைதானத்தில் நடந்த குறுவட்டக் கால்பந்துப் போட்டியில் நம் பையன்கள் 2-1 என்று தோற்றது உங்களுக்குத் தெரியும். நடுவர் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆட்டம் முடிய 12 நிமிடம். நாம் 1-0 என்று முன்னிலை. நம் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டது, நடுவர் பெனால்டி கொடுத்தார். அது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பெற்றோர் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய வீடியோவை ஐந்தாறு முறை பார்த்தேன், அதிலும் தெரியவில்லை. நடுவருக்கோ ஒரே ஒரு பார்வைதான், அதுவும் மூன்று மணி வெயிலில் ஓடிக்கொண்டே.

அடுத்து நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஆட்கள் ஏழு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோல் கீப்பர்கூட கம்பத்தை விட்டு ஓடி வந்தார். ஒரு பையன் கத்தியதற்கு மஞ்சள் அட்டை வாங்கினான். அத்தோடு விட்டானா? நடுவர் முகத்துக்கு எதிரே கிண்டலாகக் கை தட்டினான். எதிர்ப்பைச் செய்கையில் காட்டினாலும் மஞ்சள்தான். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. பத்துப் பேரானோம். மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் போன கீப்பர் பெனால்டிக்கு அசையவே இல்லை. இரண்டாவது கோல் விழுந்தபோது நம் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் பந்தைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோலை நடுவர் கணக்கில் எழுதுங்கள், சரி. இரண்டாவதை யார் கணக்கில் எழுதுவது?

'ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். நம் பையன்களுக்கு அது பொருந்தாது, அவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையும் அதனால்தான்.

அந்த மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததே இப்படி ஒரு தகராறுக்குப் பிறகுதான். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரத்தீன் வெளியே போக மறுத்ததில் ஆட்டமே பல நிமிடம் நின்றது. இங்கிலாந்திடம் அர்ஜென்டினா 1-0 என்று தோற்றது. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் அப்புறம் சாலை சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்த வழிதான் இந்த அட்டைகள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அறிமுகமாயின. 2024 யூரோ கோப்பையிலோ தீர்ப்புக்கு விளக்கம் கேட்க நடுவரிடம் கேப்டன் மட்டுமே போகலாம் என்று வைத்தார்கள். கீப்பர் கேப்டனாக இருந்தால் அவருக்குப் பதிலாக வேறொருவரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி நம் அணியிலும் அதே வழக்கம்தான். கேப்டன் தனியாகப் போய், "சார், எதுக்கு விசில்?" என்று கேட்கலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். பயிற்சி ஆட்டங்களில் பி.டி. சார் வேண்டுமென்றே தப்பாக விசில் அடிக்கிறார். ஐந்து எண்ணுவதற்குள் எல்லோரும் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். வீட்டில் வந்து பையன் புலம்பினால், அது திட்டமிட்ட அநியாயம்தான், கவலைப்படாதீர்கள்.

இன்னொன்றும் செய்தோம். சிவப்பு அட்டை வாங்கிய பையனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவராக நிறுத்தினோம். இருபது நிமிடம் கழித்து வந்து தண்ணீர் கேட்டான். "எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாய்ங்க சார், எதைப் பாக்குறதுன்னே தெரியல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்குவது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இனி உங்களிடம். வேப்பமரத்தடியிலிருந்து, "கண்ணு தெரியலயாய்யா?" என்று முதலில் கேட்ட குரல் பையன்களுடையதல்ல. நானும் நாற்காலியை விட்டு எழுந்து கையை வீசினேன், மறைக்க விரும்பவில்லை. வாசல் ஏறி வந்தவர் ஆகாதவராக இருந்தாலும் 'வாங்க' என்று சொல்லாமல் விடாத ஊர் நம்முடையது. நம் மைதானத்துக்கு வந்தவரை நாம் அனுப்பிவைத்த விதம் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அவரும் பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்தான். அந்த வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள், மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நட்பு ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதே நடுவரைத்தான் அழைத்திருக்கிறேன். போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வர்றேன் சார், குடிக்கத் தண்ணி மட்டும் ரெண்டு பக்கமும் வைக்கச் சொல்லுங்க" என்றார். நீங்களும் வாருங்கள். வேப்பமர நிழல் எல்லோருக்கும் பத்தாது, குடை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்