சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடாதீர்கள்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவின் செல்போனை, பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்த இரண்டு பேர் பறித்துக்கொண்டு போனார்கள். புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அதட்டவில்லை, உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, "பறிச்சாங்கன்னு இருந்தா கேஸு, கோர்ட்டுன்னு அலையணும்மா. தவறவிட்டதா எழுதிக் குடுங்க, டிரேஸ் பண்ணிப் பார்க்கிறோம்" என்றார். அக்கா வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். கைக்கு வந்தது சி.எஸ்.ஆர். ரசீது; மனு வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான், வழக்கு இல்லை.

இனி அந்த ஸ்டேஷன் கணக்கில் அப்படியொரு பறிப்பே நடக்கவில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் பறிக்கிறார்கள் என்பது பதிவில் இல்லாதபோது ரோந்தை எதை வைத்துத் திட்டமிடுவது?

காவலருக்கு விருப்புரிமை வேண்டும்தான். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்கைத் தொடங்கும் முதல் தகவல் அறிக்கை, விஷயம் வேறு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்பது 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பு. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை நடத்த 14 நாள் தருகிறது. அதற்கும் கெடு உண்டு. அக்காவின் ரசீதில் எந்தக் கெடுவும் இல்லை.

இந்த மண்ணில் இது பழைய வியாதி. வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்த காலத்தில், சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த 1855-ஆம் ஆண்டுக் குழு, பாதிக்கப்பட்டவர் முறையிட்டு நியாயம் பெற முடியாததையே பெருங்குறையாகச் சொன்னது. 1859-இல் தனிக் காவல் சட்டம் வந்தது.

ரைட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. வழக்கு கூடினால் மாதாந்திரக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு விழும் என்றால், கீழே இருப்பவர் வேறென்ன செய்வார்? பதிவான வழக்கு கூடியதற்காக எந்த அதிகாரியையும் குறை சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒவ்வொரு சி.எஸ்.ஆருக்கும் 14 நாளில் வழக்கு அல்லது எழுத்து மூலம் காரணம் என்று கெடு வையுங்கள். 'தவறவிட்ட' செல்போன் மனுக்களில் சிலவற்றை எடுத்து, மனு கொடுத்தவரிடமே டி.எஸ்.பி. நேரில் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அன்று கூடப் போனவன்