சோழவரத்தின் பிப்ரவரி

ஆசிரியருக்கு,

இருங்காட்டுக்கோட்டை கார், பைக் பந்தயச் செய்தியைப் படித்ததும் பழைய சோழவரம் பந்தயத் தடம் கண்முன் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது; அதில்தான் பந்தயங்கள் நடக்கும். எண்பதுகளில் பிப்ரவரி வந்தால் அப்பா என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். ஃபார்முலா கார்களைவிட எனக்குப் பிடித்தவை, தெருவில் தினமும் பார்த்த ஃபியட் காரும் யெஸ்டி பைக்கும் அதது பிரிவில் சீறிய போட்டிகள்தான். கொடி இறங்கியதும் எழும் அந்த டூ-ஸ்ட்ரோக் புகை, எண்ணெய் வாசனை! வெயிலே தெரியாது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்தது பாதுகாப்புக்கு நல்லதுதான், சரி. ஆனால் சோழவரத்தை இப்படி மறந்திருக்க வேண்டாம். பழைய படங்கள் பல வீடுகளில் கிடக்கும். வாசகர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிறு இதழில் வெளியிடுங்கள். என் மகனுக்குக் காட்ட வேண்டும்.

ஒரு வாசகர்,
செங்குன்றம்