சின்னச் சந்தேகத்துக்கு முழு புராஜெக்டும் எதற்கு?

அன்பு யாழினிக்கு,

நாலு வரி கோட் சரிதானா என்று பார்க்க முழு புராஜெக்டையும் பில்ட் செய்துவிட்டுக் காத்திருப்பதாகப் போனில் சொன்னாய். அப்படிச் செய்யாதே கண்ணு. சந்தேகம் உள்ள வரிகளை மட்டும் வெளியே எடுத்து ஓட்டு. அங்கேயும் பிசகினால் தப்பு அந்த வரிகளில். சரியாக ஓடினால் தப்பு வேறெங்கோ. உள்ளே வைத்தே பார்த்தால் இதைப் பிரித்தறிவது கஷ்டம்.

பைதானுக்கு வேறு மென்பொருளே வேண்டாம். டெர்மினலில் பைதான் என்று அடித்தால் திறக்கும் ரெப்பிள், அதாவது ஒரு வரி அடித்ததும் விடை சொல்லும் திரை, போதும். 3.13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போட்டுக்கொள். அதில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய ஃபங்ஷன் முழுசாகத் திரும்பி வரும். பழையதில் வரி வரியாகத்தான் வரும். நீளமான கோட் ஒட்டும்போது குலைந்தால், எஃப்3 அழுத்திவிட்டு ஒட்டு. முடிந்ததும் மறுபடி எஃப்3. கடைசி விடை அண்டர்ஸ்கோர் (_) என்ற பெயரில் இருக்கும்.

நீ தமிழ்ப் பெயர்களைக் கையாளுகிறாய் அல்லவா, இதை இன்றே செய்து பார். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேள். 3 வராது, 5 வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி அநாதையாக முன்னால் நிற்கும். கொக்கி ம-வை விட்டு ழ-வில் ஒட்டி ‘ழிமத’ என்று வரும். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 ஆக மாற்றினால் 15 பைட். நீள வரம்பைப் பைட்டில் வைத்த இடங்களில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். அரை நிமிடத்தில் இது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

ரெப்பிளில் ஏமாறும் இடமும் உண்டு. பழைய மாறிகள் மெமரியிலேயே இருக்கும். பெயரை மாற்றிவிட்டு ஓரிடத்தில் பழைய பெயரை விட்டிருந்தாலும் கோட் ஓடிவிடும். ஃபைலைத் திருத்தி மறுபடி இம்போர்ட் செய்தாலும் பழையதே கிடைக்கும், ஏற்கெனவே ஏற்றிய மாட்யூலைப் பைதான் திரும்பப் படிப்பதில்லை. விடையை நம்புமுன் வெளியேறி, புதிதாகத் திறந்து ஒருமுறை ஓட்டு. சோதனை ஃபைலுக்கு ரேண்டம், ஜேசன் என்றெல்லாம் பெயர் வைக்காதே. லைப்ரரிக்குப் பதில் உன் ஃபைலே இம்போர்ட் ஆகும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி என்றால், எஸ்கியூலைட்3 என்ற சின்ன டேட்டாபேஸ் மென்பொருளை ஃபைல் பெயர் கொடுக்காமல் திற. டேட்டாபேஸ் மெமரியில் மட்டும் இருக்கும், மூடியதும் போய்விடும். ஆனால் அது சாதாரண டேபிளில் முழு எண்ணுக்கான (இன்டிஜர்) நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய டேட்டாபேஸ் ஏற்காது. ஆகவே டைப் சம்பந்தமான சந்தேகத்தை இங்கே தீர்க்கப் பார்க்காதே.

ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரவுசரில் எஃப்12 அழுத்தி கன்சோலுக்குப் போ. 10, 9, 1 கொண்ட அரேயை (பட்டியலை) எதுவும் கொடுக்காமல் சார்ட் செய், அதாவது வரிசைப்படுத்து. 1, 10, 9 என்று வரும். எண்களை எழுத்துச் சரமாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. ஒப்பிடும் ஃபங்ஷனை நீதான் கொடுக்க வேண்டும்.

கோ மொழிக்கு, இணையத்திலேயே ஓட்டிப் பார்க்கும் கோ பிளேகிரவுண்ட் தளம் நல்லது. ஆனால் அங்கே கடிகாரம் எப்போதும் 2009 நவம்பர் 10, இரவு 11 மணியிலிருந்துதான் தொடங்கும். வேக அளவீட்டுக்கு உதவாது. இப்படி இணையத்தில் ஓட்டும் எதிலும் ஆபீஸ் பாஸ்வேர்டோ வாடிக்கையாளர் பெயரோ இருக்கும் கோட் எதையும் ஒட்டவே ஒட்டாதே. போலி டேட்டாவாக மாற்றிவிட்டு ஒட்டு.

சோதித்துக் கண்ட விடையை அன்றே ஒரு அசர்ட் (விடை இதுதானா என்று சரிபார்க்கும்) வரியாக டெஸ்ட் ஃபைலில் சேர்த்துவிடு. ரெப்பிளை மூடினால் அது எங்கும் இருக்காது.

அன்புடன்,
அம்மா