தவறான எண்ணெய், வழுக்கிய செயின், மறுக்கப்பட்ட வாரண்டி: சிவிடி பழுது குறித்த புகார்

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 24.03.2025

பொருள்: சிவிடி (கியர் படிகள் இல்லாமல் வேகம் மாறும் ஆட்டோமேட்டிக்) டிரான்ஸ்மிஷனை வாரண்டியில் மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்களின் 14ஆம் தேதி மின்னஞ்சல் கிடைத்தது. "வாகனம் தொடர்ந்து மலைப்பாதையில் கடுமையாக இயக்கப்பட்டதால் பழுது ஏற்பட்டுள்ளது, வாரண்டி பொருந்தாது" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். கூடவே 2,86,400 ரூபாய்க்கு எஸ்டிமேட். என்னால் இரண்டு வரியில் முடிக்க முடியாது. பொறுமையாகப் படிக்கவும்.

2022 ஜூனில் இந்தக் காரை வாங்கினேன். என் மகள் வால்பாறையில் ஆசிரியையாக இருக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது நானும் மனைவியும் அங்கே போய்வருவோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் போய்விட்டதால்தான் இரண்டு பெடல் வண்டியே வாங்கினேன். இதை வாங்கும்போதே ஷோரூமில் சொன்னேன். "மலைக்கு இதைவிடச் சொகுசான வண்டி இல்லீங்க சார்" என்றார் விற்பனைப் பையன். அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டரை வருடத்தில் முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறேன், வண்டி ஒரு நாள்கூட முனகவில்லை.

2025 ஜனவரி 10, பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்குத் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டேன். மலையில் ஓட்டும் வண்டி என்பதால் டிரான்ஸ்மிஷன் ஆயிலை மாற்றிவிடலாம் என்று அவர்களே சொன்னார்கள், சரி என்றேன். பண்டிகை நெருக்கடி, வளாகம் முழுக்க வண்டி. சாயங்காலம் ஆறு மணிக்கு அவசர அவசரமாகச் சாவியைக் கொடுத்தார்கள். பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன், படிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு 600 கிலோமீட்டர் போயிருக்கும். 30, 40 வேகத்தில் மெலிதாக ஒரு ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் இறங்கும், மிதித்தால் ஏறும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஒரு உதறல் வேறு. பிப்ரவரி 3ஆம் தேதி கொண்டுபோய்க் காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் வந்தார். "சார், இது செயின் வச்ச சிவிடி, அப்படித்தான் சத்தம் வரும்" என்று சொல்லி, ஜாப் கார்டில் 'இயல்பான சத்தம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

செயின் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். இந்த டிரான்ஸ்மிஷனில் இரண்டு ஜோடி கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே செயின் ஓடும். செயினின் மூட்டுகளில் இருக்கும் ஒவ்வொரு பின்னும் (இணைப்பு ஊசி) கூம்புச் சக்கரத்தில் வந்து உட்காரும்போது ஒரு சின்னத் தட்டு. எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்தால் அது ஒரே சுருதியில் ஊளையாகிவிடும். அதற்காகத்தான் இரண்டு அளவில் இணைப்புத் தகடு செய்து, வரிசையில்லாமல் கலந்து கோக்கிறார்கள். அப்படிக் கோத்த செயின் 40,000 கிலோமீட்டர் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஆயில் மாற்றிய மறு மாதம் பாட ஆரம்பித்தால் அதை இயல்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது?

பிப்ரவரி 22, சனிக்கிழமை. 9வது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்டில் நிறுத்தி, வரையாடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம். இரண்டு வளைவு தாண்டியதும் இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 4,000க்கு மேல் எகிறுகிறது, வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான். அப்புறம் டிரான்ஸ்மிஷன் சூடு என்று திரையில் எச்சரிக்கை விழுந்தது. பின்னால் அரசு பஸ், அதற்குப் பின்னால் நாலைந்து வேன். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்கண்ணா, கிளட்ச் பிளேட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். இந்த வண்டியில் அப்படி ஒரு கிளட்சே இல்லை என்று விளக்கும் நிலைமையில் நான் இல்லை. கல்லை முட்டுக் கொடுத்து, பயணிகள் நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மனைவிக்கு அன்றைக்கு ஏறிய ரத்த அழுத்தம் இறங்க இரண்டு நாள் ஆனது.

இரவில் வீடு வந்த பிறகுதான் ஜனவரி பில்லை எடுத்துப் படித்தேன். ஆறாவது வரியில் 'ஏ.டி.எஃப். 4 லிட்டர்' என்று இருக்கிறது. அது கியர் மாறும் சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெய். காரோடு நீங்கள் கொடுத்த கையேட்டில் சிவிடிக்கு உரிய எண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இதைக் கேட்டதற்கு, "அது கம்ப்யூட்டரில் தவறாக விழுந்த என்ட்ரி" என்றார் சர்வீஸ் மேனேஜர். இருக்கட்டும். ஆனால் மார்ச் 5ஆம் தேதி என் முன்னால் வடித்த எண்ணெய் சிவப்பாக இருந்தது. அதே கவுன்டரில் காசு கொடுத்து ஒரு டப்பா சிவிடி எண்ணெய் வாங்கி, பேப்பர் கப்பில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். அது பச்சை. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சாயம்தானே. அதனால்தான் ஆய்வகச் சோதனை கேட்கிறேன்.

எண்ணெய் விஷயத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், எனக்கு இந்தச் சாதனம் புதிதில்லை. 1980களில் நான் இங்கே ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தேன். பி.ஐ.வி. கியர்பாக்ஸ் கழற்றி மாட்டாத பிட்டர் அந்தக் காலத்தில் குறைவு. இரண்டு ஜோடி கூம்புத் தட்டு, நடுவில் ஒரு செயின். தட்டுகளை நெருக்கினால் செயின் வெளிவட்டத்துக்கு ஏறும், விலக்கினால் அச்சுப் பக்கம் இறங்கும், வேகம் படியில்லாமல் மாறும். தங்கள் காரின் சிவிடியும் அதே வித்தைதான். ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பழைய பி.ஐ.வி. தட்டில் பள்ளம் பள்ளமாகப் பல் வெட்டியிருக்கும், செயினுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் பக்கவாட்டில் நகர்ந்து அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். அதனால் வழுக்கவே வழுக்காது.

பின்னாளில் ஜெர்மனியின் பாத் ஹோம்பர்க்கில் இருந்த அதே பி.ஐ.வி. ரெய்மர்ஸ் கம்பெனி பல் இல்லாத செயினைக் கொண்டுவந்தது. அதை லுக் (LuK) என்ற வாகன உதிரிபாகக் கம்பெனி காருக்கு ஏற்றபடி வளர்த்தெடுக்க, 1999இல் ஆடி (Audi) கார்களின் மல்டிட்ரானிக் சிவிடியில் வந்தது. 2009இல் ஜப்பானின் சுபாரு கார் கம்பெனியும் செயினுக்கு வந்தது. ஷோரூமில் எல்லாரும் 'பெல்ட்' என்றே சொன்னார்கள். பெல்ட் வேறு. ஹாலந்துக்காரர் வான் டோர்னே வழியில் வந்த உருக்குப் பெல்ட், சின்னச் சின்ன வில்லைகளை ஒன்றையொன்று தள்ளவைத்து வேலை செய்வது. செயின் இழுத்து வேலை செய்வது. விற்கிறவர்களுக்காவது இது தெரிந்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செயினில் பல் கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பின்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளும். அந்தப் பின்களின் நுனி மட்டும்தான் கூம்பின் முகத்தைத் தொடுகிறது. இன்ஜினின் மொத்த இழுவையும் அந்த நுனிகள் வழியாகத்தான் போகிறது. பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தமும், நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலமும். சாதாரண ஏ.டி.எஃப். என்பது கியர் மாறும் ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தட்டுகள் உதறாமல் இதமாகச் சேர்வதற்காகக் கலந்த எண்ணெய். சிவிடி எண்ணெய்க்கு இரட்டை வேலை: தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், உருக்கு உருக்கைக் கவ்வவும் விட வேண்டும். மாற்றி ஊற்றினால் கவ்வ வேண்டிய இடத்தில் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் முகம் கீறும், கீறிய முகத்தில் பின் நுனி தேயும்.

இது என் கற்பனை இல்லை. மார்ச் 5ஆம் தேதி தங்கள் ஏரியா டெக்னீஷியன் கேமரா விட்டுப் பார்த்தபோது நானும் திரையைப் பார்த்தேன். இன்ஜின் பக்கத்து இன்புட் கூம்பில், அச்சை ஒட்டி, விரல் அகலத்துக்கு வட்டமாகக் கீறல். அதற்கு வெளியே முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆயில் பேனின் காந்தத்தில் மாவு மாதிரி கறுப்புப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். இதில் பசையோடு பொட்டுப் பொட்டாகப் பளபளப்புத் துணுக்குகள். நாற்பது வருடமாக லேத்தில் பிசிறு பார்க்கிறவன் நான். விரலில் உருட்டினால் குத்துகிறது.

ஏற்றத்தில் செயின் அச்சை ஒட்டித்தான் ஓடும், அங்கேதான் கீறல் இருக்கிறது, ஆகவே மலைதான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். டெக்னீஷியனும் அதைத்தான் சொன்னார். நல்ல தம்பி, அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே மலை, அதே டிரைவர், அதே 40 வளைவு, முப்பது தடவை. ஜனவரி 10ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் மாறியது எண்ணெய் ஒன்றுதான். அது போக, தங்கள் விளம்பரத்தில் இந்தக் கார் எங்கே ஓடுகிறது? சிங்காநல்லூர் தெருவிலா? மேகத்துக்குள் மலையேறிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 10ஆம் தேதி போனில் ஒரு சமாதானம் பேசினீர்கள். செயினை மட்டும் மாற்றித் தருகிறோம், பாதிச் செலவு உங்களுடையது என்று. பாதி என்பதால் மட்டும் மறுக்கவில்லை. பைக்குக்குச் செயின் மாற்றப் போனால் தெருமுனை மெக்கானிக்கூட, "ஸ்ப்ராக்கெட் செட்டோட மாத்துங்கண்ணா, இல்லாட்டி புதுச் செயினும் போயிரும்" என்பான். கீறல் விழுந்த கூம்பில் புதுச் செயினைப் போட்டால் அது எத்தனை மாதம் வரும்? அப்போது வாரண்டியும் முடிந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது: டிரான்ஸ்மிஷன் முழுவதையும், கூம்பு, செயின், ஹைட்ராலிக் பகுதி எல்லாம் சேர்த்து, என் செலவில்லாமல் மாற்றித் தர வேண்டும். அதற்குப் புதிதாக வாரண்டி எழுத்தில் வேண்டும். வடித்த எண்ணெயை இரு தரப்பும் முத்திரையிட்டு, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கழற்றிய பழைய டிரான்ஸ்மிஷனை விஷயம் முடியும்வரை ஸ்கிராப்பில் போடக் கூடாது. பொள்ளாச்சி வரை இழுத்துவந்த ரெக்கவரி வண்டிக்கும், இந்த ஒரு மாதம் டாக்சிக்கும் ஆன 23,750 ரூபாயையும் தர வேண்டும், ரசீதுகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மன உளைச்சலுக்கு என்று தனியாகத் தொகை எதுவும் கேட்கவில்லை.

15 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனக்கு அதில் ஆசை ஒன்றும் இல்லை, பட்டறையில் வேலை கிடக்கிறது.

காந்தத்தில் இருந்து எடுத்த துணுக்குகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, அன்றைக்கே டெக்னீஷியன் முன்னிலையில் தேதி எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். சிவப்பு எண்ணெயும் அரை லிட்டர் பாட்டிலில் இருக்கிறது. தங்கள் இன்ஜினியர் யாராவது பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு தவிர எந்த நாளும் காலை 9 மணிக்கு மேல் பட்டறைக்கு வரலாம்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்